கஷாயப் பையின் மேல் ஒரு வரி: சியோல் வயிற்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதத்தை முதலில் கொரிய மொழியில் எழுதி, இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் வரவேற்பு மேசையில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார், குனிந்து வணங்கினார், இழுப்பறைக்குள் வைத்தார். அதன் பிறகு ஒரு பதிலும் இல்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். சூவோனிலும் தேஜொனிலும் உல்சானிலும் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் மாதந்தோறும் என்னிடம் "அண்ணா, அந்த வயிற்று ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கட்டும்.

உங்கள் மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை, கொரிய மரபு மருத்துவத்தில் வயிற்றைப் பார்க்கும் இடம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். சண்டை போடுவதற்காக எழுதும் கடிதம் அல்ல இது. உங்களிடம் வந்து குணம் கண்டவன் நான். பாதிக் குணம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

2018இல் முதன்முதலாக உங்களிடம் வந்தபோது, ஒரு வங்கிக்கு மேலே மூன்று தளங்களில் இருந்தீர்கள். லிஃப்ட் கதவு திறந்ததுமே சுக்கும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து கொதிக்கிற வாசனை வரும். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் பாட்டி சுக்கு தட்டிப்போட்டுக் கொதிக்கவைக்கும் அடுப்படி ஞாபகத்துக்கு வந்து, டோக்கன் எடுக்க மறந்து நின்றிருக்கிறேன். இன்று அந்தக் கட்டடம் முழுவதும் உங்களுடையது. பக்கத்துக் கட்டடத்திலும் இரண்டு தளங்கள். வேறு நகரங்களில் அதே பெயர்ப்பலகையோடு கிளைகள். கஷாயம் காய்ச்சும் கூடம் ஊருக்கு வெளியே போய்விட்டது. வாசனை போனதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் கவனித்தேன்.

ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களாக நான்கு வாய் சோறு இறங்கினாலே வயிறு முட்டிக்கொள்ளும். நெஞ்சுக்குழிக்குக் கீழே கல்லை வைத்தது போல ஒரு கனம். ஏப்பம் வராது, வந்தால் நிற்காது. பெரிய மருத்துவமனையில் இரண்டு முறை எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரண்டு முறையும் ஒரே வாக்கியம்தான்: "ஈசாங் ஒப்சும்னிதா", கோளாறு ஏதுமில்லை. மூன்று நிமிட வைத்தியம் என்று கொரியர்களே கேலி செய்வார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம் மருத்துவரின் முகம் பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். எனக்கு அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் அவர் கணினித் திரையைத்தான் பார்த்தார். குறை அவருடையது அல்ல, வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் கோளாறு இல்லை என்று சொல்லப்பட்ட வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு ஏற்படும் அவமானம் ஒரு தனிவகை. வலி பொய்யா, நான் பொய்யா என்று தெரியாது.

உங்கள் மூத்த மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வயிற்றில் கை வைத்தார். முதலில் உள்ளங்கை முழுவதும், பிறகு மூன்று விரல்கள். விலா எலும்பு முடியும் இடத்திலிருந்து தொப்புள் வரை, ஒரு அங்குலம் கூட விடாமல். தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தி, "இங்கேதானே?" என்றார். அங்கேதான். மூன்று வருடத்தில் யாரும் தொடாத இடம். பிறகு நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், எத்தனை நிமிடத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றேன். சிரித்தார். "கொரியனாகிவிட்டீர்கள்."

அப்புறம் அந்தப் பெயரைச் சொன்னார்: தாம்ஜோக்.

தமிழ் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 'தாம்' என்பது கபம் போல உடலில் தங்கிவிடும் கசடு. 'ஜோக்' என்றால் சேர்ந்து இறுகுவது. பத்து நோயில் ஒன்பது தாமினால் வருவது என்று கொரிய மருத்துவத்தில் ஒரு பழைய வழக்கே உண்டு. சரியாகச் செரிக்காத உணவின் கசடு இரைப்பைச் சுவரின் வெளியடுக்குகளில் ஊறி இறுகிவிடுகிறது, எண்டோஸ்கோப்பிக் குழாய் உள்பக்கச் சவ்வை மட்டுமே பார்ப்பதால் அதற்கு இது தெரிவதில்லை, அழுத்திப் பார்க்கும் விரலுக்குத் தெரிகிறது என்பது இந்தப் பெயரை முன்வைப்பவர்களின் வாதம். இதே தொல்லையை அலோபதி மருத்துவர்கள் 'செயல்சார் அசீரணம்' என்பார்கள். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, ஆனாலும் இரைப்பை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். உண்மையைச் சொன்னால் அதுவும் ஒன்றும் அகப்படாததற்கு வைத்த பெயர்தான்.

ஆனால் இரண்டு பெயரும் காதில் விழும் விதம் வேறு. அலோபதிப் பெயர் எனக்கு ஒன்றும் இல்லை என்றது. உங்களுடையது எனக்கு ஏதோ இருக்கிறது என்றது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது என்று தமிழில் சொல்வோம். அன்று எனக்கு நேர்ந்தது கிட்டத்தட்ட அதுதான். உங்கள் வளர்ச்சியின் இரகசியம் மூலிகையில் பாதி என்றால் இந்தப் பெயரில் பாதி என்று நினைக்கிறேன். வயிற்றைப் பற்றிப் பேசக் கொரியர்களுக்குச் சொல் பஞ்சம் இல்லை. சாப்பிட்டது நெஞ்சில் நின்றுவிட்டால் 'செஹெத்தா' என்பார்கள். கட்டைவிரல் நகத்தடியில் ஊசியால் குத்திக் கறுப்பு இரத்தம் ஒரு சொட்டு எடுப்பார்கள். பாட்டி வயிற்றைத் தடவிக்கொண்டே "ஹல்மொனி கை மருந்துக் கை" என்று பாடுவாள். மேசில் என்ற புளிப்புப் பிளம் காயின் சர்க்கரைப்பாகைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பாள். பாட்டியின் கையை மூன்று நிமிட வைத்தியம் விட்டுவிட்டுப் போனது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டீர்கள். கெட்டிக்காரத்தனம் என்று குறைத்துச் சொல்ல மாட்டேன். அது தேவையாக இருந்தது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951இல், பூசான் தற்காலிகத் தலைநகராக இருந்தபோது இயற்றப்பட்ட சட்டம், கொரிய மரபு மருத்துவர்களுக்கும் மற்ற மருத்துவர்களுக்கு இணையான உரிமத்தைக் கொடுத்தது. 1987 முதல் ஹன்பாங் எனப்படும் இந்த மரபு மருத்துவச் சிகிச்சை தேசியக் காப்பீட்டுக்குள் வந்தது. ஆறு ஆண்டுப் படிப்பு, தேசியத் தேர்வு, பன்னிரண்டு கல்லூரிகள். எங்கள் சித்த மருத்துவர்கள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு. 2010களின் தொடக்கத்தில் கொரியா முழுவதும் இருநூறுக்குள் இருந்த ஹன்பாங் மருத்துவமனைகள் இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டன. அந்தப் பெருக்கத்துக்குப் பெரும் காரணம் வாகன விபத்துக் காப்பீடு. கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் படுக்கையும் அக்குபங்சரும் தந்து, 2021இல் ஒரு லட்சம் கோடி வொன்னுக்கு மேல் அந்தக் காப்பீட்டிலிருந்து ஹன்பாங் பக்கம் போனது. நீங்கள் அந்த வழியில் வளரவில்லை. உங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போலச் சொந்தப் பையிலிருந்து கொடுத்தவர்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டில்கூட 2009க்குப் பிந்தைய திட்டங்கள் ஹன்பாங்கில் பொதுக் காப்பீட்டுப் பட்டியலுக்கு வெளியே உள்ள செலவைத் தருவதில்லை. ஒரு மாதக் கஷாயத்துக்கு நான் நான்கு லட்சம் வொன்னுக்கு மேல் கொடுத்தேன், ஐந்து மாதங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்கள். வயிற்றுக்காகவே வயிற்றைக் கட்டினேன்.

குணமானதா? ஆனது. மூன்றாம் மாதத்தில் ஒரு கிண்ணம் சோறு முழுவதும் இறங்கியது. அது கஷாயத்தாலா, வெப்பச் சிகிச்சையாலா, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியதாலா, இல்லை அந்த விரல்களாலா என்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்காவது தெரியுமா என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்த நோயில் அந்தக் கேள்வி மிகவும் முக்கியம். செயல்சார் அசீரணத்துக்கான ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை பெற்றவர்களில்கூட மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நலமாகிவிட்டதாகச் சொல்வது வழக்கம். ஆகவே நலமாகிப் போன நோயாளிகளின் நன்றிக் கடிதங்களை எத்தனை அடுக்கினாலும் அவை சாட்சியம் ஆகா. நோயாளிகளின் அனுபவக் கதைகளைக் காட்டி விளம்பரம் செய்யக் கொரிய மருத்துவச் சட்டம் தடை போட்டிருப்பதும் இதனால்தான். உங்கள் காத்திருப்புக் கூடத்தின் கடித அட்டைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அது விளம்பரமா, அலங்காரமா என்று யோசிப்பேன். என் கடிதமும் அதில் ஒன்று. இடமிருந்து மூன்றாவது வரிசை.

மூலிகையைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது, ஒவ்வோர் உடலுக்கும் ஒவ்வொரு சேர்மானம் என்று உங்கள் இளைய மருத்துவர் ஒருவர் சொன்னார். உங்கள் கட்டடத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையிலேயே அதற்கு மறுமொழி இருக்கிறது. 2011 இறுதியில் சந்தைக்கு வந்த மோட்டிலிடோன் என்ற செரிமான மாத்திரை, கொரிடாலிஸ் என்னும் செடியின் கிழங்கும் தாளி இனத்துக் கொடி ஒன்றின் விதையும் சேர்ந்தது. இரண்டும் ஹன்பாங் மருந்துப் பெட்டியில் காலங்காலமாக இருப்பவை. அதைச் சோதனைக்கு உட்படுத்தி, ஒப்புதல் வாங்கி, இன்று அலோபதி மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். எனக்கும் எழுதித் தந்தார்கள். உங்கள் மருத்துவர்கள் அதை எழுத முடியாது, ஒப்புதல் பெற்ற மருந்தாகிவிட்டதால். இந்தக் கொடுமையை எதிர்த்துக் கொரிய மரபு மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடியது நியாயம்தான். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு நடுவே இன்னொன்றும் தெரிந்துவிட்டது: சோதிக்க முடியும்.

உங்களிடம் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் ஏங்கும். வந்தவர் எத்தனை பேர், பாதியில் நின்றவர் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்து மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எத்தனை பேர். அதை வெளியிடுங்கள். பாதியில் நின்றவர்களின் கணக்குதான் எனக்கு முதலில் வேண்டும்.

இப்போது என் சொந்தக் குறைக்கு வருகிறேன். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாம் சுற்றுக் கஷாயத்தின்போது, மாலையில் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. அழுத்தமும் ஏறியிருந்தது. பக்கத்துத் தெரு மருத்துவர் இரத்தம் சோதித்து, பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றார். ஏதாவது மூலிகை சாப்பிடுகிறீர்களா, அதில் கம்சோ இருக்கிறதா என்று கேட்டார். கம்சோ என்றால் நம் அதிமதுரம். தொடர்ந்து நிறைய உள்ளே போனால் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். எங்கு பார்த்தாலும் இருக்கிற ஆளை 'மருந்துக்கடை அதிமதுரம் போல' என்று கேலி செய்வது கொரிய வழக்கு. அவ்வளவு கஷாயங்களில் அது சேரும். ஆகவே கேள்வி நியாயமானது.

வீட்டுக்கு வந்து கஷாயப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு வெள்ளிநிறப் பைகள். ஒவ்வொன்றிலும் உங்கள் சின்னம், 'உணவுக்கு முப்பது நிமிடம் கழித்து', 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்'. ஒரு மூலையில் பொன்னிறத்தில் நானூறு ஆண்டு மரபு என்று ஒரு வாசகம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை.

தொலைபேசியில் கேட்டேன். ஆலோசனை மேலாளரிடம் இணைப்பு தந்தார்கள். இந்தச் 'சாங்தாம் சில்ஜாங்' என்ற பதவியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல, ஆனால் மூன்று மாதத் திட்டமா, ஆறு மாதத் திட்டமா என்று முடிவெடுக்கவைக்கிறவர். 2018இல் உங்களிடம் அப்படி ஒருவர் இருந்ததாக ஞாபகமில்லை. சேர்மானம் மருத்துவமனையின் சொந்தச் சூத்திரம், வெளியில் சொல்வதில்லை, ஆனால் முற்றிலும் இயற்கையானது என்றார் அவர். அதிமதுரமும் இயற்கையானதுதான் என்றேன். மருத்துவர் திருப்பி அழைப்பார் என்றார். அழைக்கவில்லை. நான் கஷாயத்தை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் வீக்கம் இறங்கியது. அதிமதுரம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இருந்ததா, இல்லையா என்பதே இன்றுவரை தெரியாதே.

உங்கள் முகப்புக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் 'தொங்-உய்-போ-காம்' என்ற மருத்துவ நூலின் நகல் ஒன்று விரித்துவைக்கப்பட்டிருக்கிறது. அரசவை மருத்துவர் ஹோ ஜுன் எழுதியது. ஜப்பானியப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த 1596இல் மன்னர் சொன்ஜோ கட்டளையிட, 1610இல் முடித்து, 1613இல் அச்சானது. இருபத்தைந்து தொகுதிகள். 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. நீங்கள் சொல்லும் நானூறு ஆண்டு மரபு இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நூலில் ஹோ ஜுன் ஒரு காரியம் செய்தார். நூல் முழுவதும் சீன எழுத்தில்தான் இருக்கிறது, அன்றைய படித்தவர்களின் எழுத்து அது. ஆனால் நாட்டில் விளையும் மூலிகைகளின் பெயர்களை மட்டும் கொரியரின் சொந்த எழுத்தான ஹங்குலிலும் போட்டார், எளிய மக்களும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக. போரில் ஊர்கள் எரிந்து, சீன மருந்து வராமல், வைத்தியர் கிடைக்காமல் கிடந்த காலம் அது. குன்றில் முளைக்கும் செடியின் பெயர் தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும் என்று நினைத்தார்கள் மன்னரும் மருத்துவரும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு நான்கு அடி தள்ளித்தான் பெயரில்லாத பைகளை அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தீர்கள்.

சூத்திரம் வெளியே போனால் போட்டியாளர் எடுத்துக்கொள்வார் என்ற கவலை இருக்கலாம். மருந்துக்கடையில் ஹ்வல்மியோங்சு என்று ஒரு குட்டிப் பாட்டில் கிடைக்கும். 1897இல் அரசவை அதிகாரி ஒருவர் அரண்மனைக் கைப்பக்குவத்தையும் மேற்கத்திய மருந்தையும் சேர்த்து உண்டாக்கிய செரிமான நீர். நம் ஓமத்திரவத்துக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்ற காசு ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் விடுதலை இயக்கத்துக்குப் போனது என்பார்கள். கடையை நடத்தியவர்கள் நாட்டுக்கு வெளியே இயங்கிய கொரியத் தற்காலிக அரசின் இரகசியத் தொடர்பு நிலையமாகவே அதை வைத்திருந்தார்கள். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியும் விற்பனை நிற்கவில்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்தப் பாட்டிலின் முதுகில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கிறது. போட்டியாளர்கள் படித்துவிட்டுத்தான் போனார்கள். அதனால் அந்த வியாபாரம் படுத்துவிடவில்லை.

அடுத்தது கிளைகள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தலைமை மருத்துவமனையில் என்னைத் தொடுவதற்கு முன்பே, கடைசியாக எண்டோஸ்கோப்பி எப்போது செய்தீர்கள், அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். ஹன்பாங் மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது. ஆனால் 2010 முதல் மருத்துவமனைகள் இருவகை மருத்துவர்களையும் ஒரே கூரையின் கீழ் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அப்படி ஒருவரை வைத்திருந்தீர்கள். நல்ல ஏற்பாடு, எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லித்தான் உங்களைப் பரிந்துரைத்தேன்.

அந்தப் பரிந்துரையை நம்பித் தெற்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி உங்கள் கிளைக்குப் போனான். முப்பத்தெட்டு வயது. நான்கு மாதத்தில் ஏழு கிலோ இளைத்திருந்தான். கிளையில் யாரும் அறிக்கை கேட்கவில்லை. வயிற்றை அழுத்தினார்கள், தாம்ஜோக் என்றார்கள், திட்டம் போட்டார்கள். எடை குறைந்ததைப் படிவத்தில் எழுதியிருந்தான். அந்தப் படிவம் மேலாளரின் கோப்பில் இருந்தது. இரண்டு மாதக் கஷாயம் முடிவதற்குள் ஒருநாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. என்னைத் தொலைபேசியில் அழைத்து, கஷாயத்தின் நிறமாக இருக்குமோ அண்ணா என்று கேட்டான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றிரவே அவசரப் பிரிவில் சேர்த்தோம். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு, ஹெலிகோபாக்டர் கிருமி. குழாய் வழியாகவே இரத்தத்தை நிறுத்தினார்கள். பிறகு இரண்டு வாரம் ஆண்டிபயாட்டிக். இப்போது நன்றாக இருக்கிறான். புற்றுநோய் இல்லை. ஆனால் இருந்திருந்தாலும் அந்த இரண்டு மாதம் போனது போனதுதான்.

உலகிலேயே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வரும் நாடுகளில் ஒன்று கொரியா. நாற்பது வயதானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள அரசே அழைப்பு அனுப்புகிறது. அவனுக்கு முப்பத்தெட்டு. அழைப்பு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வலை விட்ட அந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். எடைக் குறைவு, கறுத்த மலம், விழுங்கச் சிரமம், இரத்தச்சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விரல் வைக்கும் முன் குழாய் போகவேண்டும். இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. தலைமை மருத்துவமனையில் தெரிந்திருந்தது.

2022 டிசம்பர் 22 அன்று கொரிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஹன்பாங் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பயன்படுத்துவது குற்றமல்ல என்றது. உங்கள் துறை அதைக் கொண்டாடியது, கொண்டாட உரிமையும் இருந்தது. ஆனால் அந்த வழக்கின் நோயாளியை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு அதே மருத்துவர் இரண்டு வருடத்துக்கு மேலாக அறுபத்தெட்டு முறை அல்ட்ராசவுண்ட் பார்த்திருந்தார். கருப்பையில் புற்றுநோய் இருந்ததை வேறொரு மருத்துவமனையில்தான் கண்டுபிடித்தார்கள். கருவி கைக்கு வந்தாலும், எந்த இடத்தில் நிறுத்தி நோயாளியை வேறு கதவுக்கு அனுப்பவேண்டும் என்ற ஒழுங்கு தானாக வந்துவிடாது.

தம்பிக்காகக் கிளைக்குத் தொலைபேசியில் பேசியபோது, அது தனி மருத்துவருக்குச் சொந்தமானது, தலைமை மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். தலைமையில் கேட்டபோதும் அதே பதில். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஒரு மருத்துவர் ஒரு மருத்துவமனைக்கு மேல் நடத்தக் கூடாது என்று 2012 முதல் சட்டம் இறுகியிருக்கிறது, அரசியலமைப்பு நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. அதனால்தான் பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளும் இந்தக் கூட்டணி முறை. பெயரும் சின்னமும் வெள்ளிப் பையும் ஒன்று. எண்டோஸ்கோப்பி அறிக்கை கேட்கும் பழக்கம் மட்டும் கிளைக்குப் போகவில்லை. தொண்டி முதல் தூத்துக்குடி வரை ஒரே பெயரில் இனிப்புக்கடை நடத்துகிறவர்கள்கூட ஒரு கடையில் நெய் கெட்டால் மற்றக் கடைக்காரர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்போம். இது வயிறு.

இன்னொன்று பணம் பற்றியது. 2024 ஏப்ரல் இறுதியில் கஷாயத்துக்கான அரசுக் காப்பீட்டுச் சோதனைத் திட்டம் விரிவானபோது, செயல்சார் அசீரணமும் அதற்குள் வந்தது. உங்களைப் போன்ற ஹன்பாங் மருத்துவமனையில் நோயாளி நாற்பது சதவீதம் கொடுத்தால் போதும், மீதி பொதுக் காப்பீடு. ஒரு நோய்க்கு வருடத்துக்கு இருபது நாள் அளவு. ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர்களும் 2019 முதல் அந்தக் காப்பீட்டில் கட்டாயம் சேர்ந்தவர்கள். என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், கப்பல் தளத்துத் தம்பிக்கும் பிடிக்கிறார்கள். ஆகவே கணக்குக் கேட்பவன் இனி நோயாளி மட்டுமல்ல. திட்டத்துக்குள் வரும் இருபது நாளுக்கு ஒரு கஷாயம், வெளியே மூன்று மாதத் திட்டத்துக்கு வேறொரு இரகசியக் கஷாயம் என்று இரண்டு அடுப்பு வைக்காதீர்கள்.

வெளிநாட்டு நோயாளிகளுக்கான தனிப் பிரிவு திறக்கப்போவதாக வாசலில் பலகை வைத்திருக்கிறீர்கள். 2024இல் மட்டும் பதினொரு லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோயாளிகள் கொரியாவுக்கு வந்தார்கள், பெரும்பாலும் தோலுக்கும் முகத்துக்கும். வயிற்றுக்கும் வரட்டும், எனக்கு மகிழ்ச்சியே. பலகையில் ரஷ்ய மொழியும் மங்கோலிய மொழியும் ஆங்கிலமும் இருக்கின்றன. இத்தனை மொழியில் 'நல்வரவு' எழுத முடிகிற இடத்தில் அதிமதுரம் என்று ஒரு சொல்லை ஒரு மொழியிலாவது எழுதலாம்.

கேட்பது மூன்றே காரியம், ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: பையின் மேல் சேர்மானம், எல்லாக் கிளைகளிலும் முதலில் எண்டோஸ்கோப்பி அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை பாதியில் நின்றவர்களையும் சேர்த்த கணக்கு. மூன்றில் இரண்டுக்குச் செலவே இல்லை, அச்சு மை மட்டும்தான்.

எனக்கு அந்த மூத்த மருத்துவரைப் பற்றியும் ஒரு சொல் கேட்கவேண்டும். கடந்த முறை வந்தபோது என் வயிற்றை அழுத்தியது ஒரு இயந்திரத்தின் உணரி. திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் வந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனையில் அந்த இரண்டு நிமிடத் திரையைப் பார்த்துத்தானே உங்களிடம் வந்தேன்? அவர் ஓய்வு பெற்றுவிட்டாரா, மேல்தளத்தில் இருக்கிறாரா என்று வரவேற்பில் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு முன்பதிவு இருக்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து மறுபடி நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பழைய சுற்றின் பைகள் மூன்று இன்னும் என் ஃபிரிட்ஜில் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். எண்டோஸ்கோப்பி அறிக்கையும் கொண்டுவருகிறேன், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். பைகளுக்குள் என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹங்குலில் எழுதினால் போதும், எனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருவன்,
சூவோன்.